புலி இருக்கிறது என்று பதிந்த முள்ளம்பன்றி

ஒரு காட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. காட்டைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. மரம் இருந்தது, முள் இருந்தது, கொசு இருந்தது. கம்ப்யூட்டர்தான் முக்கியம்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு பதிவேடு. எந்தக் குகை, எந்த மடு, அதில் யாருக்கு அனுமதி, அந்த அனுமதியை யார் கொடுத்தது. அவ்வளவுதான் அதில் உண்டு. முன்பெல்லாம் பலமுள்ள மிருகம் முதலில் தண்ணீர் குடிக்கும், மற்றவை நிற்கும். அது அநியாயம் என்று சொல்லி ஒவ்வொரு மடுவைச் சுற்றியும் வேலி போட்டு, இரும்புக் கதவு வைத்து, கதவில் ஒரு மிஷினைப் பொருத்தினார்கள். மிஷினில் பாதத்தை வைத்தால் அது கம்ப்யூட்டரைக் கேட்கும். அனுமதி இருந்தால் பச்சை விளக்கு. கதவு திறக்கும், ஒருவர் நுழைந்ததும் மூடிக்கொள்ளும். இல்லையென்றால் சிவப்பு விளக்கு. கூடவே "மன்னிக்கவும், உங்களுக்கு அனுமதி இல்லை" என்று ஒரு மைனாவின் குரல். அந்த மைனா செத்து நான்கு வருடம் ஆகிறது. குரல் நன்றாக இருக்கிறது.

இந்த அலுவலகத்துக்குக் கண்காணிப்பாளர், யானை தணிகாசலம். அதற்குக் கீழே வேலை செய்தது முள்ளம்பன்றி கோமளம். எல்லா வேலையையும் கோமளம்தான் செய்தது. ஆனால் அது காண்டிராக்ட். காண்டிராக்ட் மிருகங்களின் பெயர் பதிவேட்டில் ஏறாது. கோமளத்துக்கு எந்த மடுவிலும் அனுமதி கிடையாது. அலுவலகக் குழாயில் குடித்துக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமை காலையில் பேக்கப் எடுப்பார்கள். பேக்கப் என்றால் பதிவேட்டை இன்னொரு பெட்டியில் நகல் எடுத்து வைப்பது. கம்ப்யூட்டர் போய்விட்டால் நகலிலிருந்து திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். எடுத்து முடித்ததும் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, ஒரு எலுமிச்சம்பழத்தை வெட்டி அதன் தலையில் பிழிவார்கள். பிறகு சுண்டல். மூன்று வருடமாக இதுதான். நகலை ஒருமுறையாவது திரும்ப ஏற்றிப் பார்த்தார்களா என்றால், இல்லை. சுண்டல் தீர்ந்ததும் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள்.

கோமளம் அந்த பேக்கப் புரோகிராமை உட்கார்ந்து படித்துப் பார்த்தது. படித்ததும் தணிகாசலத்திடம் போனது.

"சார், இதுல தப்பு இருக்கு."

"என்னம்மா தப்பு? வாராவாரம் எடுக்கறோமே."

"எடுக்கறது சரி சார். திரும்ப ஏத்தறதுதான் தப்பு. முதல்ல அனுமதியைக் கொடுக்குது. அதுக்கப்புறம்தான் மிருகத்தோட பேரைப் பதியுது. பேரே இல்லாதப்ப அனுமதி யாருக்குப் போகும்? கீழ விழுந்துடும். விழுந்ததையெல்லாம் யாரு பொத்தானை அமுக்கறாங்களோ அவங்க பேருக்கே எழுதிடும்."

"இதுவரைக்கும் ஒரு புகார்கூட வரலையே."

"இதுவரைக்கும் யாரும் திரும்ப ஏத்தலையே சார்."

"அப்ப ஏம்மா இப்பவே அதைப் பேசிக்கிட்டு? எழுதிக் கொடுத்துட்டுப் போ."

கோமளம் எழுதிக் கொடுத்தது. ஆறு மாதம் கழித்து மறுபடி எழுதிக் கொடுத்தது. அப்புறம் இன்னொரு தடவை. தணிகாசலம் மூன்றையும் வாங்கி மேஜையின் ஆடும் காலுக்கு முட்டுக் கொடுத்தது. மேஜை ஆடவில்லை. அந்த வகையில் பயன்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தவுடன் கம்ப்யூட்டர் "டப்" என்றது. புகை வந்தது. மூன்று வருடச் சாறு உள்ளே இறங்கியிருந்தது.

"திருஷ்டி கழிஞ்சுது" என்றது தணிகாசலம்.

"கம்ப்யூட்டர் கழிஞ்சுது சார்" என்றது கோமளம்.

பரணில் ஒரு புதுக் கம்ப்யூட்டர் இருந்தது. கோமளம் அதை இறக்கி, துடைத்து, நகல் பெட்டியைச் சொருகியது. பொத்தானில் கை வைக்கப் போனபோது தணிகாசலம் துதிக்கையை நீட்டித் தடுத்தது.

"முதல் முதலா ஏத்தறோம். நல்ல காரியம். பெரியவங்கதான் அமுக்கணும்."

"சார், நான் மூணு தடவை எழுதிக் கொடுத்தேனே, அது இதைப் பத்தித்தான்."

"தெரியும்மா. நகரு."

பூமாலை வந்தது. தணிகாசலம் மாலையைப் போட்டுக்கொண்டு துதிக்கை நுனியால் பொத்தானை அமுக்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். கை இல்லாதவர்கள் வாலைத் தட்டினார்கள்.

அந்த நேரம் நாணல்மடுவின் கதவுக்கு வெளியே நீர்நாய் அல்லி வந்து நின்றது. விடியும்போதே ஆற்றுக்கு நண்டு பிடிக்கப் போயிருந்தது. மடுவின் கரையில், பொந்துக்குள், அதற்கு மூன்று குட்டிகள். பிறந்து பன்னிரண்டு நாள். கண் திறக்கவில்லை, நடக்கத் தெரியாது, பால் மட்டும்தான். அந்த மடுவில் அனுமதி வாங்க அல்லி இரண்டு வருடம் அலைந்திருந்தது.

பாதத்தை வைத்தது. சிவப்பு.

"மன்னிக்கவும், உங்களுக்கு அனுமதி இல்லை."

அல்லி பாதத்தைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தது. சிவப்பு. மற்ற மூன்று பாதங்களையும் வைத்துப் பார்த்தது. மைனா மூன்று தடவையும் மன்னிப்புக் கேட்டது. உள்ளே குட்டிகள் கீச்சிட ஆரம்பித்தன.

தோண்டிக்கொண்டு போகலாமே என்று நினைப்பீர்கள். வேலிக்கு அடியில் நாலடி ஆழத்துக்கு கான்கிரீட். அதை மட்டும் ஒழுங்காகப் போட்டிருந்தார்கள்.

அல்லி அலுவலகத்துக்கு ஓடியது. அங்கே ஏற்கெனவே பாதிக் காடு நின்றது. எந்தக் கதவும் யாருக்கும் திறக்கவில்லை. தணிகாசலம் எழுந்து போய் எதிரே இருந்த கதவில் தன் காலை வைத்துப் பார்த்தது. பச்சை. அடுத்த கதவு, பச்சை. சிங்கத்தின் குகைக்கும் பச்சை. காட்டில் உள்ள எல்லாமே தணிகாசலத்தின் பேருக்கு ஏறியிருந்தன.

"நான் ஒண்ணும் கேட்டு வாங்கல. மிஷினே கொடுத்திருக்கு" என்றது தணிகாசலம்.

முதலில் அதற்கே கூச்சமாகத்தான் இருந்தது. பிறகு ஒரு காட்டுப்பன்றி, தன் மடுவைத் திறந்துவிடச் சொல்லி ஒரு கட்டுக் கரும்பு கொண்டு வந்தது. அடுத்து வந்த மான் இரண்டு கட்டு கொண்டு வந்தது. பத்து மணிக்குத் தணிகாசலத்தின் கூச்சம் தெளிந்துவிட்டது. டோக்கன் போட்டார்கள். டோக்கன் வரிசைப்படி யானை ஒவ்வொரு கதவாகப் போய்க் கால் வைக்கும், அந்தந்த மிருகம் உள்ளே போகும். சிங்கத்துக்கு ஆறாம் எண். முதல் ஐந்தும் தணிகாசலத்தின் அண்ணன், தம்பி, மச்சான் வகை. அல்லிக்கு நூற்றுப் பதினான்கு.

"சார், உள்ள குட்டிங்க இருக்கு சார். பன்னிரண்டு நாள் குட்டி. மத்தியானத்துக்கு மேல தாங்காது."

"எல்லாருக்கும் ஒரு அவசரம்தாம்மா. இந்த மான் காலையிலேர்ந்து தண்ணி குடிக்கல. அதுகிட்டப் போய்ச் சொல்வேனா, நீ பின்னாடி போன்னு?"

"ஒரே ஒரு கால் சார். வச்சுட்டு வந்துடுங்க."

"நாணல்மடு எங்க இருக்கு? தெற்கு மூலை. நான் இப்ப வடக்குல இருக்கேன். ஒரு முறை வேணாமா?"

அல்லி கோமளத்திடம் வந்தது. கோமளத்தின் முன்னால் நின்றது, அவ்வளவுதான். காலையில் பிடித்த நண்டு இன்னும் வாயோரத்தில் தொங்கியது. கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

"ரெண்டு வரிதான் மாறியிருக்கு" என்றது கோமளம். "மேல இருக்கறதைக் கீழ போடணும், கீழ இருக்கறதை மேல போடணும். முதல்ல பேர், அப்புறம் அனுமதி. அஞ்சு நிமிஷ வேலை."

"பண்ணேன் அக்கா."

"பண்றதுக்கு சார் ஒத்துக்கணும்."

தணிகாசலம் ஒத்துக்கொள்ளவில்லை. "இப்ப என்ன கெட்டுப்போச்சு? வரிசை ஒழுங்காப் போகுது. நீ எதையாவது திருத்தப் போய் இருக்கறதும் போயிடும்."

"இருக்கறது எல்லாம் உங்க பேர்ல இருக்கு சார்."

"அதனாலதான் சொல்றேன், போயிடும்னு."

பக்கத்தில் சிங்கம் ஆறாம் டோக்கனைப் பிடித்துக்கொண்டு நின்றது. காட்டுக்கு ராஜா. பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. அதற்கு முன்னால் ஐந்தாவதாக நின்ற யானை மச்சான், வரிசையில் நின்றபடியே வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தது. பின்னால் இருந்து ஒரு கழுதைப்புலி, "ராஜா, கொஞ்சம் முன்னாடி நகருங்க, வெயில் படுது" என்றது. ஆறு பேர் சிரித்தார்கள்.

"தணிகாசலம்" என்றது சிங்கம். "என் குகைக்குள்ள நான் போகணும்னா உன் கால் வேணுமா?"

"இன்னைக்கு மட்டும் மகாராஜா. அப்புறம் நாளைக்கும்."

"அந்தம்மா திருத்தட்டும்."

"திருத்தலாம் மகாராஜா, யார் வேண்டாம்னா? ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே. திருத்தக் கோரிக்கை மூணு பிரதி கொடுக்கணும்."

கோமளம் குனிந்து மேஜைக் காலுக்கு அடியில் இருந்த மூன்று காகிதத்தையும் உருவியது. மேஜை ஆடியது.

"மூணு பிரதி" என்றது.

அதற்குள் மணி பதினொன்றரை. கோமளம் இரண்டு வரியையும் மாற்றிப் போட்டது. இந்த முறை பொத்தானைச் சிங்கம் அமுக்கியது. மாலை போட நேரமில்லை. அல்லி பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் நாணல்மடுவுக்கு ஓடியது.

பாதத்தை வைத்தது. சிவப்பு.

அலுவலகத்துக்கு எதிரே இருந்த கதவில் தணிகாசலம் காலை வைத்தது. அதற்கும் சிவப்பு. சிங்கத்துக்கும் சிவப்பு. காட்டில் இப்போது யாருக்கும் எதற்கும் அனுமதி இல்லை. மைனா எல்லாக் கதவிலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது.

"சொன்னேனா இல்லையா?" என்றது தணிகாசலம். மகிழ்ச்சியாகத்தான் சொன்னது.

கோமளம் கம்ப்யூட்டர் எழுதிக் காட்டியதைப் படித்தது. முதல் வரியே போதுமாக இருந்தது. சிங்கத்துக்குக் காட்டின் ராஜா என்ற அனுமதி தள்ளுபடி. காரணம், கொடுத்தது பழைய ராஜா புலி. புலி என்று யாரும் பதிவேட்டில் இல்லை.

"புரோகிராம் இப்ப சரியாத்தான் வேலை செய்யுது" என்றது கோமளம். "கொடுத்தவர் யாருன்னு பாக்குது. உங்களுக்கு ராஜா பட்டம் கொடுத்தது புலி. புலி இல்லன்னா அந்தப் பட்டம் செல்லாது. நீங்க ராஜா இல்லன்னா நீங்க கொடுத்த எதுவும் செல்லாது. இந்தக் காட்டுல எல்லா அனுமதியும் நீங்க கொடுத்தது. சாரோட வேலையும் நீங்க கொடுத்தது."

"புலி என்கிட்ட கொடுத்துட்டுத்தானே மலையைத் தாண்டிப் போச்சு? ஊருக்கே தெரியுமே."

"போச்சு. போனதுக்கப்புறம் பேரை அடிச்சது யாரு?"

எல்லோரும் தணிகாசலத்தைப் பார்த்தார்கள்.

"சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு இருந்துது" என்றது தணிகாசலம். "பழைய மிஷின்ல அடிச்சப்ப ஒண்ணும் ஆகலையே."

"பழைய மிஷின் இதையெல்லாம் கேட்கல. புதுசா ஏத்தறப்ப கேட்குது."

சிங்கம் யோசித்தது. "கொடுத்தது யாருன்னு பாக்காதேன்னு அதுக்குச் சொல்லிடேன்."

"சொல்லலாம். அப்புறம் யாரு வேணா எது வேணா எழுதிக்கலாம்."

"அப்படியா?" என்று தணிகாசலம் ஓரடி முன்னால் வந்தது.

"வேண்டாம்" என்றது சிங்கம்.

"அப்ப புலியைத் திரும்பச் சேர்க்கணும்."

சிங்கத்தின் பிடரி மயிர் நட்டுக்கொண்டது. "வரவழைக்கணுமா?"

"வர வேண்டாம். பதிவேட்டுல இருந்தா போதும்."

எல்லோரும் மூச்சு விட்டார்கள். தணிகாசலம் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டது. "ஒரு பேரைச் சேர்க்கணும்னா உயிரோட இருக்குன்னு சான்றிதழ் வேணும். அதுல ராஜா கையெழுத்துப் போடணும்."

"கொடு, போடறேன்" என்றது சிங்கம்.

"நீங்க இப்ப ராஜா இல்லையே. புலியைச் சேர்த்தாத்தான் நீங்க ராஜா. நீங்க ராஜாவானாத்தான் புலியைச் சேர்க்க முடியும்."

இதைப் பேச ஒரு கூட்டம் போட்டார்கள். மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்தார்கள். சிங்கம் தலைமை தாங்கலாமா கூடாதா என்பதிலேயே அரைமணி நேரம் போனது. கடைசியில் தலைமை இல்லாமல் நடத்துவது என்று முடிவாகி, அந்த முடிவை யார் அறிவிப்பது என்று பேச ஆரம்பித்தார்கள்.

அப்போது அல்லி தெற்கிலிருந்து வந்தது. இந்த முறை ஓடி வரவில்லை, நடந்து வந்தது. நேராகக் கோமளத்திடம் போனது.

"சத்தம் நின்னுடுச்சு அக்கா."

கோமளம் அதைப் பார்த்தது. மரத்தடியைப் பார்த்தது. கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து, 'புலி' என்று அடித்தது. 'உயிரோடு இருக்கிறதா?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. 'ஆம்' என்று அடித்தது. 'சான்றிதழ் எண்?' என்று கேட்டது. கோமளம் ஒன்று என்று அடித்தது. பொத்தானை அமுக்கியது. மாலை இல்லை, கைதட்டல் இல்லை, பெரியவரும் இல்லை.

"போ" என்றது.

அல்லி போனது. நாணல்மடுவின் கதவில் பாதத்தை வைத்தது. பச்சை. உள்ளே பாய்ந்து பொந்துக்குள் தலையை விட்டது. மூன்று குட்டிகளும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. மூக்கால் தள்ளியது. ஒன்று அசைந்தது. இன்னொன்று அசைந்தது. மூன்றாவதை நக்கிக்கொண்டே இருந்தது. ரொம்ப நேரம் நக்கியது. அப்புறம் அது அம்மாவின் மூக்கைக் கடித்தது.

காடு முழுக்கக் கதவுகள் திறந்தன. மான் குடித்தது, பன்றி குடித்தது. சிங்கம் தன் குகைக்குள் போய்க் கவிழ்ந்து படுத்துக்கொண்டது. தணிகாசலத்திடம் கொடுத்த கரும்பை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அது பாதியைத் தின்று முடித்திருந்தது.

கதை இங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை, திங்கட்கிழமை வந்துவிட்டது.

திங்கட்கிழமை கோமளத்துக்கு மெமோ வந்தது. இல்லாத ஒரு மிருகத்தை இருப்பதாகப் பதிந்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். விசாரணைக்குச் சிங்கமும் வந்து உட்கார்ந்தது.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றது கோமளம். "புலி இருக்கா, இல்லையா?"

தணிகாசலம் சிங்கத்தைப் பார்த்தது. சிங்கம் கூரையைப் பார்த்தது. இல்லை என்றால் கதவெல்லாம் மூடிவிடும்.

"இருக்கு" என்றது சிங்கம்.

"அப்ப நான் பண்ணின தப்பு என்ன?"

"புலி இருக்கறது தப்பில்ல. நீ பதிஞ்சதுதான் தப்பு."

"அப்ப நான் பதிஞ்சதை அழிச்சுடவா?"

"தொடாதே!" என்று இரண்டும் ஒன்றாகக் கத்தின.

மறுநாள் உத்தரவு வந்தது. கோமளம் அதை நின்றுகொண்டே படித்தது. "மாண்புமிகு புலி அவர்கள் மாண்புமிகு சிங்கம் அவர்களுக்கு வழங்கிய அதிகாரத்தின்படியும், அவர் எனக்கு வழங்கிய அதிகாரத்தின்படியும், இல்லாத புலியை இருப்பதாகப் பதிந்த குற்றத்துக்காக முள்ளம்பன்றி கோமளம் இன்றுமுதல் பணியிலிருந்து நீக்கப்படுகிறார்." கீழே தணிகாசலத்தின் கால்தடம். கோமளம் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டது. உத்தரவில் எழுத்துப்பிழை ஒன்று இருந்தது. அதைத் திருத்தவில்லை. இப்போதுதான் புத்தி வந்திருந்தது.

போகிற வழி நாணல்மடு வழி. குழாய்த் தண்ணீர் அலுவலகத்தோடு போயிற்று, தாகமாக இருந்தது. கதவில் பாதத்தை வைத்தது.

"மன்னிக்கவும், உங்களுக்கு அனுமதி இல்லை."

சத்தம் கேட்டு அல்லி கதவருகே வந்தது. கம்பி இடைவெளி வழியாக ஒரு நண்டை நீட்டியது. முள்ளம்பன்றி கிழங்கு தின்கிற பிராணி. இருந்தாலும் வாங்கிக்கொண்டது.

"தண்ணிதான் வேணும். முடியாதில்ல?"

"வாயில மொண்டுக்கிட்டு வந்து கொடுக்கவா?"

"வேண்டாம் விடு. குட்டிங்க?"

"ரெண்டு குட்டி கண்ணு திறந்துடுச்சு. ஒண்ணு இன்னும் தூங்குது." அல்லி கம்பியைப் பிடித்துக்கொண்டது. "ஏன் அக்கா, புலியைச் சேர்த்தேல்ல, அப்பவே அதுக்குக் கீழ உன் பேரையும் சேர்த்திருக்கலாமே? யாருக்குத் தெரியப்போகுது?"

"அது பொய்ப் பதிவாயிடும்."

"அப்ப புலி?"

"அது பிழைத்திருத்தம்."

அல்லி கம்பியை விட்டது.

"நீ நல்லாருப்பே அக்கா" என்றது. "ஆனா இந்தக் காட்டுல இல்ல."

கோமளம் நண்டை எடுத்துக்கொண்டு மலைப் பக்கம் நடந்தது. வெள்ளிக்கிழமை வழக்கம்போல பேக்கப் எடுத்தார்கள். புதுக் கம்ப்யூட்டருக்கு ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்தார்கள். புலிக்கு ஒன்று தனியாக.

நீதி: பிழை திருத்த உட்கார்ந்தால் முதல் வரியில் புலியைப் பதியுங்கள், இரண்டாம் வரியில் உங்களைப் பதியுங்கள், மூன்றாம் வரியில்தான் பிழையைத் தொடுங்கள். வரிசை முக்கியம்.